புராஸ்டேட் வீக்கம்: எந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும்?

மாத்திரை போதவில்லை, ஏதாவது செய்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதும் பலர் கேட்கும் முதல் கேள்வி "லேசரா, சாதாரண ஆபரேஷனா?" என்பதுதான். பிள்ளைகள் உடனே இணையத்தில் தேடுவார்கள். டியூஆர்பி, ஹோலெப், ரெசூம், யூரோலிஃப்ட், எம்போலைசேஷன் என்று வரிசையாகப் பெயர்கள் வந்து நிற்கும். எதை எடுத்துப் படித்தாலும் அதுதான் ஆகச் சிறந்தது என்று இருக்கும். அப்பாவுக்கு எது நல்லது என்பது மட்டும் பிடிபடாது.

கருவியின் பெயரைக் கடைசியில் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். சிறுநீர்ப்பை எந்த நிலையில் இருக்கிறது? புராஸ்டேட் சுரப்பி எவ்வளவு பெரியது, எந்த வடிவில் வளர்ந்திருக்கிறது? எதை இழப்பதற்கு நோயாளிக்குச் சம்மதம் இல்லை? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் அத்தனை பெயர்களும் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

முதலில் பை. பெருத்த புராஸ்டேட் சிறுநீர்க் குழாயை நெரிக்கும்போது, அந்தத் தடையைத் தாண்டித் தள்ளுவதற்காகச் சிறுநீர்ப்பையின் தசை தடிக்கிறது. சில வருடங்கள் அது தாக்குப்பிடிக்கும். அப்புறம் களைத்துத் தளர ஆரம்பிக்கும். போய் முடித்த பிறகும் பையில் சிறுநீர் தங்கும். தேங்கிய நீரில் கிருமி வளரும், கல் உருவாகும். அழுத்தம் பின்னோக்கி ஏறினால் சிறுநீரகமே பாதிக்கப்படும். நன்றாகத் தளர்ந்துபோன பைக்கு எவ்வளவு அருமையான அறுவை செய்தாலும் சிறுநீர்த் தாரை பழையபடி வராமல் போகலாம். மாத்திரையிலேயே வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருப்பது இதனால்தான். காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதை ஸ்கேனில் அவ்வப்போது பார்க்காமல் காத்திருப்பது ஆபத்து. மிச்சம் மிக அதிகமாக இருந்தாலோ, நீரிழிவோ நரம்புக் கோளாறோ உள்ளவராக இருந்தாலோ, பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுவிடுவது நல்லது.

இரவில் நான்கைந்து முறை எழுவதற்கெல்லாம் புராஸ்டேட்டைக் குற்றம் சொல்லிவிடவும் முடியாது. சிலருக்கு இரவில் சிறுநீர் உற்பத்தியே அதிகம். கால் வீக்கம், இதயக் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது என்று அதற்கு வேறு காரணங்கள் இருக்கும். மூன்று நாளைக்கு ஓர் அளவுக் குவளையை வைத்து, எப்போது எவ்வளவு போகிறது என்று எழுதிப் பாருங்கள். ஒரு நாளின் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படுத்த பிறகுதான் வருகிறது என்றால், புராஸ்டேட்டை முழுக்க அகற்றினாலும் அந்த எழுந்திருத்தல் நிற்காது. நல்ல தூக்கம் கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் அறுவைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

அடுத்தது அளவு. இளவயதில் புராஸ்டேட் இருபது கிராம் சுமாருக்கு இருக்கும். 30 கிராமுக்குக் கீழே, 30 முதல் 80 வரை, 80-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பெரும்பாலான முடிவுகள் அதற்குள் வந்துவிடும். அளவும் தொல்லையும் ஒன்றாகவே ஏறும் என்று எண்ண வேண்டாம். 100 கிராம் வைத்துக்கொண்டு சிரமமில்லாமல் இருப்பவர்களும் உண்டு, 35 கிராமில் தவிப்பவர்களும் உண்டு. வடிவமும் முக்கியம். சுரப்பியின் நடுப்பகுதியான நடு மடல் பைக்குள் துருத்திக்கொண்டு அடைப்பான் மாதிரி உட்கார்ந்திருந்தால் சில எளிய முறைகள் அங்கே சரிப்படாது. ஸ்கேன் அறிக்கையில் அளவோடு இதையும் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொல்லையின் அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐபிஎஸ்எஸ் என்ற ஏழு கேள்விப் பட்டியல். 35 மதிப்பெண்ணுக்கு 7 வரை லேசானது, 8 முதல் 19 நடுத்தரம், 20 முதல் கடுமை.

மூன்றாவது விஷயத்தைத்தான் கூச்சத்தால் யாரும் கேட்பதில்லை. திசுவை வெட்டியோ சுரண்டியோ எடுக்கும் அறுவைகளுக்குப் பிறகு உச்சத்தில் விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய்விடுவது மிகச் சாதாரணம். பிறகு சிறுநீரோடு கலந்து போய்விடும். உடலுக்குக் கெடுதல் இல்லை. விறைப்புத்தன்மை பெரும்பாலானவர்களுக்கு முன்பு இருந்தபடியே இருக்கும், உச்ச உணர்வும் இருக்கும். சிலர் அது கொஞ்சம் மங்கியதாகச் சொல்கிறார்கள். எழுபது வயதில் இதெல்லாம் எதற்கு என்று மருத்துவரோ பிள்ளைகளோ தாங்களாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. சிலருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வேறு சிலருக்கு, முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்த அறுவைக்கே ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம் என்கிற அளவுக்கு மன வேதனை தரும். மனைவியோடு பேசி, அந்த ஆணே சொல்ல வேண்டிய பதில் இது. புராஸ்டேட்டுக்காகக் கொடுக்கும் டாம்சுலோசின், குறிப்பாக சிலோடோசின் மாத்திரைகளும் இதே விளைவைத் தரக்கூடும் என்பதால், மாத்திரை சாப்பிடும்போதே சிலருக்கு இந்த அனுபவம் கிடைத்திருக்கும்.

இனி சிகிச்சைகள்.

டியூஆர்பி 1930-கள் முதல் வழக்கத்தில் இருக்கிறது. புதிதாக எது வந்தாலும் இதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறார்கள். வெளியே வெட்டுத் தழும்பு கிடையாது. சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சுரப்பியின் உட்பகுதியைச் சீவிச் சீவி எடுப்பார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் போதும். சிறுநீரை வடிக்கும் குழலான கதீட்டர் இரண்டு மூன்று நாள் இருக்கும். தடுமாறிய தாரை பலருக்கும் இரு மடங்காகிவிடும்; மாத்திரையை நிறுத்திவிடலாம்; பல வருடம் தாங்கும். அதற்கான விலை, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு விந்து பின்னோக்கிப் போவது. ரத்தக் கசிவும் கொஞ்சம் உண்டு. சில பேருக்குப் பின்னாளில் குழாயில் தழும்பு விழுந்து சுருங்கும். 30 முதல் 80 கிராம் வரை இது நம்பகமான தேர்வு.

இதில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மோனோபோலாரா, பைபோலாரா? பழைய மோனோபோலார் முறையில் அறுவையின்போது கிளைசின் கலந்த நீரைப் பாய்ச்சுவார்கள். அது அதிகமாக ரத்தத்துக்குள் புகுந்துவிட்டால் சோடியம் குறைந்து குழப்பம், வாந்தி, சமயத்தில் வலிப்பு வரை போகும். பைபோலாரில் உப்புக் கரைசலையே பாய்ச்சுவதால் இந்தச் சிக்கல் இல்லை. வயதானவர்களுக்கு, அதிலும் அறுவை நீண்ட நேரம் எடுக்கக்கூடிய பெரிய சுரப்பி என்றால், பைபோலார்தான் என் விருப்பம்.

30 கிராமுக்குக் கீழே, நடு மடலும் இல்லையென்றால், சீவி எடுக்கக்கூட வேண்டாம். பையின் கழுத்துப் பகுதியில் ஒன்றிரண்டு கீறல் போட்டுக் குழாயை விரித்துவிட்டாலே போதும். டியூஐபி என்பார்கள். விந்து பாதிப்பும் இதில் குறைவு. சின்ன சுரப்பிக்காரர்களுக்கு இதைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

லேசர் என்று மக்கள் பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று எரித்து ஆவியாக்குவது, மற்றது பிரித்து எடுப்பது. பிரித்து எடுப்பதில் முன்னோடி ஹோலெப். நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் குழுவினர் 1990-களில் இதை உருவாக்கினார்கள். ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து உரிப்பதுபோல, பெருத்த பகுதி முழுவதையும் அதன் உறையிலிருந்து ஹோல்மியம் லேசரால் பிரித்துப் பைக்குள் தள்ளி, அங்கே துண்டு துண்டாக்கி உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அளவுக்கு உச்சவரம்பே இல்லை. 150, 200 கிராம் சுரப்பியைக்கூட வயிற்றைக் கிழிக்காமல் எடுக்கலாம். ரத்தக் கசிவு டியூஆர்பியைவிடக் குறைவு, கதீட்டரும் பெரும்பாலும் ஓரிரு நாளில் வெளியே வந்துவிடும். மறுபடி வளர்ந்து இன்னொரு அறுவை தேவைப்படுவது மிகவும் அரிது. எடுத்த திசு முழுவதையும் நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்கவும் முடிகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். விந்து பின்னோக்கிப் போவது டியூஆர்பி அளவுக்கோ அதற்கு மேலோ உண்டு. முதல் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், இருமினால் தும்மினால் சிறுநீர் சொட்டும். இடுப்புத் தசைப் பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் முன்பே சொல்லியிருக்காவிட்டால் பயந்துபோவார்கள். எல்லாவற்றையும்விட, கற்றுக்கொள்ளக் கடினமான அறுவை இது. ஐம்பது அறுவை வரை செய்த பிறகுதான் ஒரு மருத்துவருக்குக் கை பழகும் என்று அந்தத் துறையினரே சொல்கிறார்கள். இப்போதுதான் ஹோலெப் ஆரம்பித்திருக்கும் ஒருவரைவிட, இருபது வருடமாக டியூஆர்பி செய்துகொண்டிருப்பவரின் கை உங்களுக்குப் பாதுகாப்பானது. "இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது?" என்று மரியாதையோடு கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்.

எரித்து ஆவியாக்கும் பச்சை லேசரின் பலம் ரத்தம் கசியாமல் அடைத்துக்கொண்டே போவது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது ஒரு நல்ல வழி. சில வாரம் எரிச்சலும் அவசரமும் இருக்கும். சோதனைக்குத் திசு மிஞ்சாது என்பதால் புற்றுநோய் சந்தேகத்துக்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அளவில் சந்தேகம் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மிகப் பெரிய சுரப்பி, கூடவே பையில் பெரிய கற்கள், ஹோலெப் தெரிந்தவரும் இல்லை என்றால், வயிற்று வழியாகத் திறந்தோ ரோபோ உதவியுடனோ எடுக்கும் பழைய வழி இன்னும் இருக்கிறது. பலன் நன்றாகவே இருக்கும். ரத்த இழப்பும் மருத்துவமனை வாசமும் கூடுதல்.

விந்து வெளியேற்றத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களுக்கு ஒப்பீடு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே ரெசூம், யூரோலிஃப்ட், அக்வாஅப்ளேஷன் மூன்றும் போட்டியிடுகின்றன.

ரெசூமில் 103 டிகிரி நீராவியை ஊசி வழியாக ஒன்பது ஒன்பது நொடியாகச் சுரப்பிக்குள் செலுத்துவார்கள். நீராவி குளிர்ந்து நீராகும்போது விடும் சூட்டில் அந்தப் பகுதி செல்கள் இறந்து, உடலே மெல்ல அதைக் கரைத்துக்கொள்கிறது. சில நிமிடத்தில் வேலை முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். நடு மடல் இருந்தாலும் செய்யலாம். ஆனால் பலன் உடனே கிடைக்காது. முதல் இரண்டு மூன்று வாரம் முன்பைவிட மோசமாகக்கூட இருக்கும். நாலைந்து நாள், ஒரு வாரம் என்று கதீட்டர் வைத்திருக்க வேண்டி வரலாம். முழு நிவாரணம் மூன்று மாதத்தில்தான் தெரியும். முக்கிய ஆய்வில் ஐந்து வருடத்தில் மறு அறுவைக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

யூரோலிஃப்ட் எதையும் வெட்டுவதும் இல்லை, எரிப்பதும் இல்லை. சின்னச் சின்ன உலோகக் கொக்கிகளை நூலோடு பதித்து, நெரிக்கும் இரு பக்க மடல்களையும் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். பலர் கதீட்டர்கூட இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள், ஓரிரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. விந்து வெளியேற்றம் ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படியே இருக்கிறது. இவ்வளவு சுலபமானதற்குக் கொடுக்கும் விலை நீடிப்பில் தெரியும்: அதன் முக்கிய ஆய்வில் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது. தாரை கூடுவதும் நொடிக்கு மூன்று நான்கு மில்லிதான்; டியூஆர்பியில் அது பத்து வரை போகும். பிறகு எம்ஆர்ஐ எடுக்கும்போது கொக்கிகள் படத்தைக் கொஞ்சம் மறைக்கவும் செய்யும். 55 வயதில், 40 கிராம் சுரப்பியோடு, விந்து விஷயத்தில் கவலையோடு இருப்பவர் என்றால் நான் ரெசூமைத்தான் முதலில் யோசிப்பேன். ஒரு நாள்கூடக் கதீட்டரோடு இருக்க முடியாத வேலையில் இருப்பவர், பின்னால் இன்னொன்று தேவைப்பட்டாலும் பரவாயில்லை என்பவர், யூரோலிஃப்ட் பக்கம் போகலாம்.

அக்வாஅப்ளேஷன் இந்த இரண்டைவிடப் பெரிய வேலை, மயக்க மருந்து வேண்டும். ஸ்கேன் பார்த்தபடி மருத்துவர் எல்லை வரைந்து கொடுக்க, சூடில்லாத உப்பு நீரை வேகமாகப் பீய்ச்சி ரோபோ திசுவை அரித்தெடுக்கிறது. விந்து வெளியேறும் பாதைக்கு அருகில் உள்ள பகுதியை விட்டுவிடச் சொல்லலாம். டியூஆர்பியோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்வில் விந்து வெளியேறாமல் போனது இதில் பத்தில் ஒருவருக்கு, அதே ஆய்வின் டியூஆர்பி குழுவில் மூன்றில் ஒருவருக்கும் மேல் (இந்த எண் ஆய்வுக்கு ஆய்வு மாறும்). நிவாரணம் கிட்டத்தட்டச் சமம். 80 கிராமுக்கு மேல் உள்ள சுரப்பிக்கும் செய்கிறார்கள், ஆனால் அங்கே ரத்தப்போக்கு கவனிக்க வேண்டிய விஷயம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்த முடியாதவருக்கு இது வேண்டாம்.

மயக்க மருந்தே ஆபத்து என்ற நிலையில் உள்ள முதியவர்களுக்கு ஒரு வேறுபட்ட பாதை, ரத்தக் குழாய் வழியான எம்போலைசேஷன். இதைச் செய்பவர் சிறுநீரியல் மருத்துவர் இல்லை, படம் பார்த்தபடி ரத்தக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். மணிக்கட்டு அல்லது தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலை விட்டு, புராஸ்டேட்டுக்கு ரத்தம் போகும் கிளைகளில் நுண்மணிகளை அனுப்பி அடைப்பார்கள். ஊட்டம் குறைந்த சுரப்பி வாரக்கணக்கில் சுருங்கும். விழித்திருக்கும்போதே செய்துவிடலாம், சுரப்பி பெரியதாக இருப்பது இதற்குச் சாதகம். ஆனால் நிவாரணம் டியூஆர்பி அளவுக்கு வராது, மறு சிகிச்சை தேவையும் அதிகம். ரத்தக் குழாய் சுவர் தடித்துக் கெட்டியாகிவிட்டவருக்குக் குழல் உள்ளே போகாமலே திரும்பலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ரத்தக் குழாய் படத்தில் தெரிவதற்காக இதில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்தும் யோசிக்க வேண்டியது.

சில நிலைகளில் இந்த ஒப்பீடே தேவைப்படாது. கதீட்டரை எடுத்தால் போகவே முடியவில்லை, மீண்டும் மீண்டும் தொற்று, பையில் கல், அடிக்கடி ரத்தம், அடைப்பால் சிறுநீரகக் கோளாறு: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், நெரிக்கும் திசுவை உண்மையில் அகற்றும் அறுவைதான் வழக்கமாகப் பொருத்தமானது. அங்கே போய் எளிய முறை இருக்கிறதா என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுபவர்கள் அறுவைத் தேதி கிடைத்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது புராஸ்டேட்டைவிடப் பெரிய ஆபத்தாகிவிடும். எதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தாமலே செய்யக்கூடிய லேசர் பக்கம் போகலாமா என்று இதய மருத்துவரும் சிறுநீரியல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். டாம்சுலோசின் சாப்பிடுபவர், சாப்பிட்டு நிறுத்தியவர்கூட, கண்புரை அறுவைக்குப் போனால் கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கண்பாவையின் தசையைத் தளர்த்தி அந்த மருந்து அங்கே சிக்கல் செய்யும்.

எந்த அறுவையானாலும் முதல் ஒரு மாதம் கனமான பொருளைத் தூக்காதீர்கள், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். திசுவை வெட்டி எடுக்கும் முறைகளில், எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்கும் பத்து நாள், இரண்டு வாரச் சமயத்தில் உள்காயத்தின் பொருக்கு உதிர்ந்து திடீரென்று சிறுநீர் சிவக்கும். நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டி கட்டியாக ரத்தம் வந்து அடைத்துக்கொண்டால், காய்ச்சல் அடித்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நள்ளிரவில் இப்படி ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று அறுவைக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்தது, இனி புராஸ்டேட்டே இல்லை என்று பலர் பரிசோதனைக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். இந்தச் சிகிச்சைகள் எல்லாமே சுரப்பியின் உள்பகுதியைத்தான் தொடுகின்றன. புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும் வெளிப்பகுதி அப்படியே உள்ளே இருக்கிறது. அறுவைக்குச் சில மாதம் கழித்து ஒரு பிஎஸ்ஏ எடுத்து, அந்தப் புதிய எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.